பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை எழுந்த விதம்

வ. புதுப்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ஏதாவது ஒரு பழைய பாளையத்துக்குள் போய் நிற்போம். வடக்கே சாப்டூர். ராஜபாளையத்துப் பக்கம் கொல்லங்கொண்டான், சேத்தூர். அதையும் தாண்டினால் சிவகிரி. விசுவநாத நாயக்கர் காலத்தில், அரியநாத முதலியார் வகுத்த திட்டப்படி உருவான 72 பாளையங்களின் வரிசையில் வரும் பெயர்கள் இவை. மதுரைக் கோட்டைக்கு இருந்த 72 கொத்தளங்களில் ஆளுக்கு ஒன்று இவர்கள் காவலில் இருந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த மதுரைக் கோட்டையை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்தார். அகழியைத் தூர்த்த இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன. கல்லும் சுதையுமாக எழுந்த கோட்டை என்பதால் அதில் சில துண்டுகளாவது மிஞ்சின. பாளையக்காரர்கள் தங்கள் ஊர்களில் எழுப்பிக்கொண்ட கோட்டைகள் பெரும்பாலும் மண். அவற்றில் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை.

மிஞ்சாததாலேயே அவற்றைத் தாழ்வாக நினைக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. பாட்டன் காலத்து மண்சுவர் வீடுகள் இன்னும் நிற்கும் ஊர்களிலேயே ‘வெறும் மண்கோட்டைதானே’ என்று பேசுகிறார்கள். பீரங்கியும் வெடிமருந்தும் கையில் இருந்த ஆங்கிலேயப் படை, அந்த வெறும் மண்ணின் முன்னால் 1799 செப்டம்பரிலும் 1801 மார்ச்சிலும் ரத்தம் சொட்டத் திரும்பியது. அப்படிப்பட்ட ஒரு கோட்டை எப்படி எழுந்தது, எப்படி நின்றது, எதனால் விழுந்தது என்பதை முறையாகப் பார்த்தால் அதன் பெருமை தானே விளங்கும். எழுத்தில் பதிவு அதிகம் கிடைப்பது பாஞ்சாலங்குறிச்சிக்கு. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இடம். ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில், மலையோ காடோ அரணாக இல்லாத பொட்டல் வெளி. சேத்தூர், சிவகிரிக்காரர்களுக்கு முதுகுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை இருந்தது. கோட்டை போனால் மலையேறிவிடலாம். பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்த வசதி இல்லை. அதற்குக் கிடைத்தது தூத்துக்குடித் துறைமுகத்தின் அண்மை. முத்துக்குளித்துறையை 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்த டச்சுக்காரர்கள் அங்கே கோட்டையும் கிடங்கும் வைத்திருந்தார்கள். 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது, கொழும்பிலிருந்த டச்சு அரசுக்கும் அப்போதைய பாளையக்காரர் கட்டபொம்மனுக்கும் ஆன உடன்படிக்கையின் மூலப்பத்திரமே உள்ளே கிடைத்தது. கூடவே பீரங்கிகள், வெடிமருந்து, 40,000 வராகன் பணம். துறைமுகத்தின் காற்று இந்த மண்சுவருக்குள் எவ்வளவு தூரம் வீசியது என்பதற்கு அந்தப் பத்திரம் ஒன்றே போதும்.

இடம் தேர்ந்ததும் அளவு. 1801இல் இந்தக் கோட்டையோடு மோதிய ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தன் ராணுவ நினைவுக் குறிப்புகளை 1830இல் நூலாக்கினார். அவர் தரும் கணக்கு இது: ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், சுவரின் உயரம் சுமார் 12 அடி. சிறிய சதுரக் கொத்தளங்கள். ஒரு கொத்தளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓடும் மதில் மிகக் குறுகியது. சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. எல்லாமே மண், இறுகிப் பிடிக்கும் நல்ல மண்.

இந்த நாலு வரிக்குள்ளேயே கட்டியவர்களின் சிந்தனை தெரிகிறது. மதிலின் அடியில் எதிரி வந்து ஒட்டிக்கொண்டால், மேலே நிற்பவன் குனிந்து பார்க்காமல் அவனைச் சுட முடியாது. குனிந்தால் தலை போகும். கொத்தளம் மதிலை விட்டு வெளியே துருத்தி நிற்பதால், அதற்குள் இருப்பவன் பக்கவாட்டில் குறி வைக்கலாம். அவனுக்கு எட்டாத இடம் மதிலடியில் இருக்கக் கூடாது. கொத்தளங்களை நெருக்கமாக வைத்தார்கள் என்றால், தங்களிடம் இருந்த பழைய துப்பாக்கி எவ்வளவு தூரம் எட்டும், கை எறிந்த வல்லயம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தே இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஐரோப்பியத் துறைமுகங்களில் இதே வேலைக்கு உயரமான கல் கோபுரங்கள் எழுந்தன. ஜெனோவாக்காரர்கள் 1348இல் கட்டிய கலாட்டா கோபுரம் இஸ்தான்புல்லில் இன்னும் நிற்கிறது. அது அம்பும் ஏணியும் சண்டை போட்ட காலத்து யோசனை. 1453இல் துருக்கியரின் பெரும் பீரங்கிகள் அதே நகரத்தின் கல்மதிலைப் பெயர்த்த பிறகு ஐரோப்பாவே உயரத்தைக் கைவிட்டுத் தாழ்ந்த, தடித்த, உள்ளே மண் நிரப்பிய அரண்களுக்கு மாறியது. நம் ஆட்கள் அந்த மண்ணில்தான் தொடங்கினார்கள்.

அடுத்தது மண் எடுப்பது. எந்த மண்ணும் சுவருக்கு ஆகாது. கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும். வெறும் மணல் பிடிக்காது. களியும் மணலும் கலந்த செம்மண் வாகானது. ஈர மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார்கள். சிதறினால் களி போதாது. தரையில் அப்பிக்கொண்டால் தண்ணீரோ களியோ அதிகம். காய்ந்த பிறகு வெடிப்பு விட்டாலும் களி மிச்சம் என்று பொருள். சரியான மண் கிடைத்ததும் மம்பட்டியால் வெட்டிக் குவித்து, கல்லும் வேரும் பொறுக்கி, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விடவேண்டும். ஒரு ராத்திரியாவது ஊறவேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் தோப்புச் சுவர் வைக்கிற ஒரு பெரியவரிடம், அன்றைக்கே குழைத்து அன்றைக்கே வைத்தால் என்ன என்று கேட்டேன். “ஊறாத மண்ணு வெளியே நனைஞ்சிருக்கும், உள்ளே கட்டி கட்டியா காஞ்சு கெடக்கும் தம்பி. அந்தக் கட்டிதான் பின்னால சுவத்தக் கெடுக்கும்” என்றார்.

ஊறிய மண்ணில் வைக்கோலைத் தூவி மிதிக்க வேண்டும். வரகு வைக்கோல் கிடைத்தால் அதற்கு இணையில்லை என்பார்கள், சீக்கிரம் மக்காது. வைக்கோல் இரண்டு வேலை செய்கிறது. மண் காயும்போது ஒரே இடத்தில் பெரிய வெடிப்பாக விடாமல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வெடிப்புகளாகப் பிரித்துவிடுகிறது. அடி விழும்போது பொலபொலவென்று உதிராமல் பிடித்து வைக்கிறது. ஆட்கள் வரிசையாக நின்று கணுக்கால் புதைய மிதிப்பார்கள். நிறைய மண் என்றால் மாட்டை விட்டு மிதிக்கச் சொல்வார்கள். காலில் ஒட்டிய மண் ‘சளக்’ என்ற சத்தத்தோடு விடுபடுகிற பதம் வந்ததும், இரண்டு கையிலும் அள்ளும் அளவுக்கு உருண்டையாக்கிக் கை மாற்றிச் சுவருக்குக் கொண்டுபோவார்கள்.

சுவரை ஒரே மூச்சில் ஏற்ற முடியாது. ஓர் அடுக்கு ஒன்றரை அடிக்கு மேல் போனால் கீழ் மண் பாரம் தாங்காமல் பிதுங்கும். உருண்டையை ஓங்கி அடித்து வைக்கவேண்டும். முந்தைய உருண்டையோடு அது ஒன்றாகிவிடவேண்டும். அடுக்கு முடிந்ததும் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, விரல் இறங்காத பதத்தில் பக்கங்களை மம்பட்டியால் செதுக்கி நேராக்குவார்கள். அடுத்த அடுக்கு வைக்கும் முன் தலைப்பகுதியைக் கொத்திவிட்டுத் தண்ணீர் தெளிப்பது முக்கியம். அதை விட்டால் இரண்டு அடுக்குக்கும் நடுவில் பிடிப்பு இராது. அடி அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகியும் வருமாறு ஏற்றுவார்கள். கடைசியில் தலைக்கு ஓலையோ தட்டையோ போட்டு மூடினால் மழை உள்ளே இறங்காது. மண்சுவருக்கு முதல் எதிரி மழைதான். அடியில் தேங்கும் தண்ணீர் சுவரின் பாதத்தைக் கரைத்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி வருகிறது. 12 அடி சுவருக்கு எட்டு அடுக்கு வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு நாள் காய்ந்தாலும் பதினாறு நாள் ஆகும். ஆனால் 1801இல் நடந்தது வேறு.

அவருக்குப் பின் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அவர் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார்கள். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி அவர்கள் சிறையை உடைத்துக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓடினார்கள். ஒரு வாரத்துக்குள் மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது, தரைமட்டமாகக் கிடந்த இடத்தில் மதில் எழுந்து நின்றது. சுமார் 1,500 பேர் அதில் காவலுக்கு நின்றார்கள் என்று வெல்ஷ் வியந்து எழுதுகிறார். கையில் இருந்த படையை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையைத் தொட முடியாது என்று மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்பினார்.

இது எப்படி நடந்திருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500க்கு 300 அடி என்றால் சுற்றளவு 1,600 அடி. உயரம் 12 அடி. கனம் சராசரியாக 5 அடி என்று என் அனுமானத்தில் வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 96,000 கன அடி மண். ஆறு நாள், 1,500 ஆள் என்றால் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினோரு கன அடிக்கும் குறைவு. ஏறக்குறைய அரை டன் மண், இருபத்தைந்து முப்பது கூடை. வெட்டுபவன், குழைப்பவன், சுமப்பவன், வைப்பவன் என்று பிரித்துப் பார்த்தாலும் இரவும் பகலும் உழைத்தால் முடிகிற வேலைதான். தண்ணீரும் ஓலையும் சுமக்கப் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்திருப்பார்கள். கொத்தளங்களின் மண் இதற்கு மேல்.

காய்கிற பிரச்சினைக்கும் விடை இருக்கிறது. இடித்த சுவரின் மண் அங்கேயே கிடந்தது. ஏற்கனவே ஒருமுறை பதம் பார்த்துக் குழைத்த மண். புது மண் தேடி அலைய வேண்டியதில்லை. தரைமட்டமாக்கினாலும் அடிமானத்தைத் தோண்டி எறிவது யாருக்கும் பெரும்பாடு. அது பூமிக்குள் இருந்திருக்கும். மாதமோ தை கடைசி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, பனியும் குறைந்து, வெயிலும் காற்றும் உலர்த்துகிற பருவம். ஓலையையும் பனந்துண்டையும் இடையில் கொடுத்தால் பச்சை மண்ணும் பாரம் தாங்கும். முதல் வாரத்தில் எழுந்தது முழுக் கோட்டையாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். அரைகுறையாக எழுந்ததே மெக்காலேயைத் திருப்பி அனுப்பப் போதுமானதாக இருந்தது. அவர் மறுபடி வருவதற்குள் கிடைத்த ஏழு வாரத்தில் மாசி, பங்குனி வெயில் மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தது. அந்த இடைவெளியில் தூத்துக்குடியையும் பாளையக்காரர் படை கைப்பற்றியது.

கொத்தளத்தின் உள்வேலைதான் இதில் மிக நுட்பமானது. கல்கோட்டைக் கொத்தளம் என்றால் உள்ளே நிரப்பி, மேலே தளம் போட்டு, பீரங்கி வைத்து ஆட்கள் நிற்பார்கள். இங்கே கொத்தளத்தின் உள்பக்கம் குடைவாக இருந்தது. சுவரின் விளிம்பு மேலே ஓரடி கனம்தான். கீழே வர வர இரண்டு மூன்றடி. வெளிப்பக்கம் செங்குத்து. உள்ளே, விளிம்புக்குக் கீழே, ஆள் மறையும் ஆழத்தில் வீரர்கள் நிற்பார்கள். அவர்கள் கையில் 18 முதல் 20 அடி நீளமுள்ள ஈட்டிகள்.

பீரங்கியால் சுவரைப் பிளந்துவிட்டு ஏறி வருகிற சிப்பாய்க்கு என்ன ஆகும் என்று பாருங்கள். சரிந்த மண்ணில் கையை ஊன்றி ஏறுகிறான். உச்சிக்கு வந்ததும் நிற்பதற்கு இடமில்லை. அது ஓரடி அகல விளிம்பு. துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடவும் முடியாது, உள்ளே குதிக்கவும் முடியாது. கீழேயிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆட்களின் ஈட்டிமுனைகள் மேலே வருகின்றன. அவன் விழுந்தால் அடுத்தவன் அதே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். 1801 மார்ச் 31இல் நடந்தது இதுதான். பிளவு விழுந்தது, சிப்பாய்கள் உச்சி வரை ஏறினார்கள், ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. கோட்டை கையில் வந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் தாங்கள் தோற்ற காரணமே ஆங்கிலேயருக்கு விளங்கியது.

சுவரைப் பிளப்பதும் லேசான காரியமாக இல்லை. கல்சுவரில் குண்டு பட்டால் அதிர்ச்சி நாலு பக்கமும் பரவி, ஒரு கல் பெயர்ந்தால் மேலே உள்ளவை தாமே சரியும். அதனால்தான் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரே கோடாகக் குண்டு போட்டு வெட்டுவது பீரங்கிக்காரர்களின் முறை. மண்சுவரில் குண்டு, சோற்றில் விரல் விட்டதுபோல் உள்ளே போய்ப் பொத்தல் போட்டு நின்றுவிடும். பக்கத்து மண் அசையாது. வடக்கே பரத்பூரின் மண்மதில்களுக்கு முன்னால் 1805இல் ஆங்கிலேயத் தளபதி லேக் பிரபு நான்கு முறை பாய்ந்து நான்கு முறையும் தோற்றார். 1826இல் அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்தே அந்த ஊரைப் பிடித்தார்கள்.

பொத்தலை அடைப்பது அடுத்த வேலை. இதற்கு எங்கள் பக்கத்துச் சாட்சி வாசுதேவநல்லூர். 1767இல் ஆங்கிலேய அதிகாரி டொனால்ட் கேம்பெல் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டபோது, குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இருந்தவர்கள் பனைப் பொருள்களையும் வைக்கோலையும் கொண்டு பிளவை அடைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய துணிச்சலையும் கட்டுப்பாட்டையும் அவரே மனம் விட்டுப் பாராட்டியிருக்கிறார். கல்மதில் இடிந்தால் கொத்தனும் சுண்ணாம்பும் வேண்டும். மண்மதிலுக்கு ஊரில் உள்ள எல்லோருமே கொத்தர்கள். அதைச் செப்பனிடத் தேவையான பொருள்கள் அத்தனையும் அங்கேயே இருந்தன: காலடி மண், களத்து வைக்கோல், வரப்புப் பனை. முற்றுகையில் வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. இந்தக் கோட்டைகளின் ஆகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான்.

கடைசியாக வேலி. இன்று எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் அப்போது இந்த நாட்டுக்கு வரவில்லை. இந்தப் பக்கத்து இயற்கை முள் என்றால் உடை, விடத்தேர், இலந்தை, கள்ளி. உடைமரத்துக் கிளையைக் குடையாக வெட்டி, தலைகீழாக நெருக்கிப் போட்டால் அதற்குள் நுழைய வழியே கிடையாது. உயிர்வேலியாக நட்டால் வருடா வருடம் தடிக்கும். வேலியை வெட்டி வழி செய்யும் நேரமெல்லாம் எதிரி கொத்தளத்தின் குறிக்குள் நிற்கிறான். பச்சை வேலி எரியாது, குண்டுக்கும் அசையாது. கோடரியோடு நடந்துதான் வரவேண்டும்.

இவ்வளவு இருந்தும் எப்படி விழுந்தது? 1799 செப்டம்பர் 5இல் மேஜர் பானர்மேன் முதலில் மோதியபோது கோட்டை வாசலில் அவருடைய அதிகாரிகள் சிலர் மாண்டார்கள். தாக்குதல் தோற்றது. ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து கூடுதல் படை வரவும், உள்ளே இருந்தவர்கள் இரவோடு இரவாக வெளியேறிவிட்டார்கள். 1801 மே மாதம் கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்தார். சுவரைத் துளைப்பதோடு விடாமல், ஒரே கொத்தளத்தில் அடித்து அடித்து அதன் மண்ணையே அள்ளி எறிகிற மாதிரி அகலப் பிளந்தார்கள். மே 24இல் பாய்ந்தபோதும் ஈட்டிகள் தடுத்தன. கையெறி குண்டுகளைக் குடைவுக்குள் வீசி அங்கே நின்றவர்களைக் கொன்ற பிறகே உள்ளே கால் வைக்க முடிந்தது. குடைவான கொத்தளத்தின் பலவீனம் அதன் பலத்திலேயே இருந்தது: மேலிருந்து விழும் வெடிக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. உயிரோடு இருந்தவர்கள் அணிவகுத்து வெளியேறி, பின்னால் சிறுவயலில் மருது சகோதரர்களோடு சேர்ந்தார்கள். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரை நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே.

கோட்டையை அழித்த முறையும் படிப்படியானதுதான். முதலில் இடித்து உழுதார்கள். அப்புறம் சட்டம் வந்தது. 1801 டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1803இல் நிலையான ஜமீன்தாரி ஏற்பாடு வந்தது. சேத்தூரும் சிவகிரியும் எட்டயபுரமும் ஜமீன்களாயின. கோட்டை கட்டும் உரிமை போனதும், கொத்தளத்துக்கு மண் பதம் பார்க்கத் தெரிந்த கைகள் வீட்டுச் சுவருக்கும் தோப்புச் சுவருக்கும் போய்ச் சேர்ந்தன.

இன்று பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் பார்ப்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பிள்ளைகளை அழைத்துப்போய்க் கதை சொல்ல நல்ல இடம். ஆனால் அந்த மதிலைப் பார்த்து வெல்ஷ் ஏன் வியந்தார் என்று யாருக்கும் புரியாது. பழைய மண்கோட்டைக்கும் அதற்கும் உருவத்திலும் பொருளிலும் தொடர்பில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968–69இல் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த அரண்மனை அடித்தளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில், ஒரே ஒரு கொத்தளத்தையாவது வெல்ஷ் தந்த அளவில், உள்ளே குடைவாக, ஓரடி விளிம்போடு, உண்மையான மண்ணில் எழுப்பி வைக்க வேண்டும். செலவு பெரிதில்லை. தோப்புச் சுவர் வைக்கத் தெரிந்த பெரியவர்கள் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தை பிறந்ததும் மண் வெட்டி ஊறப்போட்டால் பங்குனிக்குள் முடித்துவிடலாம். தலைக்குப் பனையோலை வேய்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஐப்பசிக்கு முன்னால் அதை மாற்றிக்கொண்டு வந்தால் போதும்.